மூன்று வாரமும் முப்பது ஆண்டும்

1966ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஐந்து இளைஞர்கள் மருத்துவ ஆய்வு ஒன்றுக்காகப் படுக்கையில் சாய்ந்தார்கள். ஐவருக்கும் 20 வயதை ஒட்டிய பருவம். யாருக்கும் நோய் நொடி கிடையாது. மூன்று வாரம் படுத்தே கிடக்க வேண்டும், காலூன்றி நடக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்த காலம் அது. அந்தப் படுக்கை உடம்புக்கு என்ன செய்கிறது என்று அளந்து பார்க்க விரும்பினார்கள் பெங்ட் சால்டின், குன்னார் புளோம்க்விஸ்ட், ஜெரி மிட்செல் ஆகிய ஆய்வாளர்கள்.

அளந்தது முக்கியமாக ஒன்றைத்தான். மூச்சு முட்ட ஓடும்போது உடம்பு ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாக எத்தனை லிட்டர் ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்துகிறது? இந்த உச்ச ஆக்சிஜன் திறனில் நுரையீரல், இதயம், ரத்தம், தசை எல்லாவற்றின் கூட்டு உழைப்பும் ஒரே எண்ணாக வந்துவிடும். மூன்று வாரப் படுக்கைக்குப் பிறகு அந்த எண் கால்பங்குக்கும் மேல் சரிந்திருந்தது. அடுத்த இரண்டு மாதக் கடும் பயிற்சியில் சரிந்தது மீண்டது. பழைய அளவையும் தாண்டிப் போனது.

இந்த ஆய்வின் அருமை தெரிய முப்பது ஆண்டுகள் ஆயின. 1996இல் அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்து மறுபடி ஓடவிட்டார்கள். இப்போது அவர்களுக்கு 50 வயது. சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 கிலோவாகக் கூடியிருந்தது. உடம்பில் கொழுப்பின் பங்கு 14 விழுக்காட்டிலிருந்து 28 ஆகியிருந்தது. ஆனால் உச்ச ஆக்சிஜன் திறன் முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 12 விழுக்காடுதான் குறைந்திருந்தது. இருபது வயதில் மூன்று வாரம் படுத்துக் கிடந்ததால் வந்த இழப்பு, அதன்பின் முப்பது ஆண்டு வாழ்ந்ததால் வந்த இழப்பைப்போல் இரண்டு மடங்கு.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நாற்பது வயதில் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினால் "வயசாயிடுச்சு" என்கிறோம். பத்தாம் வகுப்பில் கபடி ஆடியவர், கல்லூரியில் வாலிபால் அணிக்கு ஆடியவர், வேலைக்குப் போனதும் நிறுத்தியவர், எல்லாருக்கும் அதே விளக்கம்தான். அந்தத் தளர்ச்சியில் வயதின் பங்கு எவ்வளவு, ஆட்டத்தை நிறுத்தியதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. முதுமையில் விளையாட்டு என்ற பேச்சுக்கே அடிப்படைக் கேள்வி இதுதான். நிறுத்தியதால் போனதைத் திரும்பப் பெறலாம். வயதால் போனதற்கு ஏற்றபடி ஆட்டத்தை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஒன்று விளையாட்டை விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் அடிபட்டு வீட்டில் உட்காருகிறார்கள்.

டல்லாஸின் ஐவருக்கு 50 வயதில் ஆறு மாதப் பயிற்சி கொடுத்தார்கள். நடை, சைக்கிள், மெதுவோட்டம் என்று மெல்லத் தொடங்கி வாரத்துக்கு நாலரை மணி நேரம் வரை கொண்டு போனார்கள். முப்பது ஆண்டுகளில் இழந்தது முழுவதும் திரும்பி வந்தது. இருபது வயதில் பயிற்சிக்கு முன் இருந்த அளவைத் தொட்டார்கள். ஆனால் இருபது வயதில் பயிற்சி முடித்தபோது எட்டிய உயரத்தை ஒருவராலும் எட்ட முடியவில்லை. மீட்சி வந்த வழியும் வேறு. இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் ரத்தத்தின் உச்ச அளவு கூடவில்லை. வந்த ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சும் திறமையைத் தசைகள் கற்றுக்கொண்டிருந்தன.

நாற்பது ஆண்டு முடிந்து, 60 வயதில் மூன்றாம் முறை அளந்தபோது கதை சற்று மாறியது. இருபது வயதின் அளவோடு ஒப்பிட்டால் இழப்பு இப்போது 27 விழுக்காடு. முப்பது ஆண்டில் 12, அடுத்த பத்தே ஆண்டில் மேலும் 15. ஐம்பதைத் தாண்டியதும் வயது தன் கணக்கை வேகமாக எழுதத் தொடங்குகிறது. ஐந்தே பேர், ஐவரும் ஆண்கள் என்பது இந்த ஆய்வின் பெரிய குறை. எடை கூடியதால் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் 50 வயதிலேயே இழப்பு இன்னும் பெரிதாகத் தெரியும் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் ஒரே உடம்புகளை நாற்பது ஆண்டு பின்தொடர்ந்து அளந்த ஆய்வுகள் மிக அரிது. இந்தத் துறையில் நான் மறுபடி மறுபடி திரும்பிப் போவது இதற்குத்தான்.

வயது தன் பங்காக எடுத்துக்கொள்பவை எவை? முதலாவது, இதயத்தின் உச்சத் துடிப்பு. 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழித்தால் கிடைப்பது நிமிடத்துக்கு உச்சத் துடிப்பு என்று 2001இல் வந்த கணக்கு சொல்கிறது. இருபது வயதில் 194, அறுபதில் 166. இது சராசரிதான், ஆளுக்கு ஆள் கூடும், குறையும். ஆனால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் இந்தச் சரிவை நிறுத்த முடிவதில்லை.

இரண்டாவது, தசை. இங்கே நடப்பது வெறும் இளைப்பு அல்ல. முதுகுத்தண்டிலிருந்து வரும் ஒவ்வொரு நரம்பு இழையும் நூற்றுக்கணக்கான தசைநார்களை இயக்குகிறது. வயது ஏற ஏற இந்த நரம்புகளில் சில செத்துப்போகின்றன. அவை இயக்கிவந்த தசைநார்கள் அநாதையாக நிற்க, பக்கத்து நரம்பு கிளைவிட்டு அவற்றில் சிலவற்றைத் தத்தெடுத்துக்கொள்கிறது, எஞ்சியவை அழிகின்றன. முதலில் அடிபடுபவை வேகத்துக்கான நார்கள். அதனால்தான் அறுபது வயதுக்காரரால் பல கிலோமீட்டர் நடக்க முடிகிறது, ஆனால் ஓடும் பேருந்தைப் பிடிக்க நாலு எட்டு பாய முடிவதில்லை. தொடர்ந்து ஓடுபவர்களுக்கு இந்த நரம்புகள் சாகாமல் நிற்கின்றனவா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 65 வயதை ஒட்டிய ஓட்டக்காரர்களின் முழங்காலுக்குக் கீழ் முன்பக்கத் தசையில் நரம்பு எண்ணிக்கை இளைஞர்களுடையதைப் போலவே இருப்பதாக 2010இல் கனடாவில் ஓர் ஆய்வு கண்டது. அதே ஆய்வாளர்கள் கைத்தசையை அளந்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. நரம்பு குறைவது குறையத்தான் செய்கிறது, ஆனால் ஓடுபவர்களிடம் தத்தெடுக்கும் வேலை சிறப்பாக நடக்கிறது என்றது இன்னோர் ஆய்வு. எது சரியாக இருந்தாலும் ஒன்று தெரிகிறது: காலுக்கு ஓட்டம் செய்த நன்மை கைக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை.

மூன்றாவது, இதயச் சுவரின் நெகிழ்வு. டல்லாஸ் மரபில் வந்த பெஞ்சமின் லெவின் குழு, 45 முதல் 64 வயது வரையான, உட்கார்ந்தே வாழ்ந்தவர்களை இரண்டு ஆண்டுகள் வாரத்துக்கு நாலைந்து நாள் பயிற்சி செய்ய வைத்தது. 2018இல் வெளியான முடிவின்படி அவர்களது இதயத்தின் நெகிழ்வு கணிசமாகத் திரும்பியிருந்தது. உச்ச ஆக்சிஜன் திறன் 18 விழுக்காடு கூடியிருந்தது. ஆனால் இதற்கு முன்பு 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, திறன் கூடியதே தவிர இதயம் இளகவில்லை. "ரிட்டயர் ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுபவர்கள் அறிய வேண்டிய செய்தி இது. அறுபத்தைந்துக்குப் பின் தொடங்கினாலும் பலன் உண்டு. அதற்கு முன்பே தொடங்கினால் மட்டுமே கிடைக்கும் பலனும் ஒன்று உண்டு.

சரி, முதுமையிலும் விடாமல் ஓடினால்? அதற்கு எட் விட்லாக்கைப் பார்க்கலாம். 1931இல் இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் சுரங்கப் பொறியாளராக வேலை பார்த்தவர். இளமையில் ஓடினார், நடுவில் விட்டார், நாற்பதுகளில் மீண்டும் தொடங்கினார். ஒன்டாரியோ மாநிலத்தின் மில்டன் ஊரில் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி, நாளுக்கு மூன்று மணி நேரம்கூட மெதுவாக ஓடுவார். பயிற்சியாளர் கிடையாது, உடற்பயிற்சிக்கூடம் கிடையாது. 70 வயதுக்கு மேல் மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் ஓடிய முதல் மனிதர் அவர்தான். 73 வயதில் 2 மணி 54 நிமிடம். இருபது வயது இளைஞர்களில் பெரும்பாலோருக்குக் கைகூடாத நேரம். 80 வயதில் 3 மணி 15 நிமிடம். 85 வயதில் 3 மணி 56 நிமிடம். முதல் ஏழு ஆண்டில் 21 நிமிடம் கூடியது; அடுத்த ஐந்து ஆண்டில் 41 நிமிடம். கடைசி ஓட்டத்துக்குச் சில மாதம் கழித்து, 2017 மார்ச்சில், புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தார் என்பதால் அந்தக் கடைசிச் சரிவு முழுவதையும் வயதின் மேல் போட முடியாது. முழங்கால் வலி வந்தபோதெல்லாம் ஓட்டத்தை விட்டுவிட்டு, ஆறும்வரை காத்திருந்து, கொஞ்சத்திலிருந்து மறுபடி தொடங்கியவர் அவர் என்பதும் கவனிக்க வேண்டியது. அந்தப் பொறுமைதான் அவரை எண்பது தாண்டியும் ஓட வைத்தது என்பது என் எண்ணம்.

பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஃபவுஜா சிங் 89 வயதில், 2000ஆம் ஆண்டு லண்டனில், முதல் மாரத்தான் ஓடினார். 2011இல் டொரண்டோவில் நூறு வயது மாரத்தான் ஓட்டக்காரராகக் கொண்டாடப்பட்டார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அந்தச் சாதனையைப் பதியவில்லை. 2025 ஜூலையில் சொந்த ஊர் அருகே சாலையில் வாகனம் மோதி இறந்தார். நோயில் படுத்து அல்ல.

இவர்கள் அபூர்வப் பிறவிகள், நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பது நியாயம்தான். நமக்குப் பொருந்துவதைப் பார்க்க, நம் ஊர் ஷட்டில் கோர்ட்டுக்குப் போகலாம். சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் தகரக் கூரை போட்ட உள்ளரங்கங்கள் விடியற்காலை ஐந்தரைக்கே நிறைந்துவிடுகின்றன. பெரும்பாலும் ஐம்பதை ஒட்டிய ஆண்கள், டபுள்ஸ் ஆட்டம். வண்டியை நிறுத்திவிட்டு, ஷூ மாட்டி, நேரே நெட்டுக்குப் போய் நிற்பார்கள். "ஒரு கேம் போட்டா உடம்பு தானா சூடாயிடும்" என்பது பொது நம்பிக்கை. எதிராளி ஒரு டிராப் போடுகிறார். பின்கோட்டில் நிற்பவர் முன்னால் பாய்கிறார். குதிகாலுக்கு மேலே 'டப்' என்று ஒரு சத்தம். அவர் திரும்பிப் பார்த்து "யாருப்பா பின்னாடி அடிச்சது?" என்று கேட்பார். யாரும் அடித்திருக்கமாட்டார்கள். கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் தடித்த தசைநாண் அறுந்திருக்கும். உலகெங்கும் எலும்பு மருத்துவர்கள் பதிந்து வைத்திருக்கும் காட்சி இது. பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் இருந்தது என்றுதான் பலரும் சொல்கிறார்கள். நடுத்தர வயது இறகுப்பந்து ஆட்டக்காரர்களிடம் இது அடிக்கடி வருகிறது.

ஏன் அந்த இடம்? குதிகால் எலும்புக்குச் சில சென்டிமீட்டர் மேலே அந்த நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. வயதாக ஆகச் சின்னச் சின்னச் சேதங்கள் ஆறும் வேகம் குறைகிறது. பயிற்சி தொடங்கியதும் தசையும் மூச்சும் சில வாரங்களில் முன்னேறிவிடும். நாண் தேற மாதங்கள் பிடிக்கும். ஆகவே மூன்றாம் மாதத்தில், "பழைய ஃபார்ம் வந்துடுச்சு" என்று தோன்றும் நேரத்தில், மூச்சு தாங்கும் வேகத்தை நாண் தாங்குவதில்லை. ஆர்வமாகத் திரும்பி வந்தவர்களை இது இரண்டாம் முறையும், பல நேரம் நிரந்தரமாகவும், வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் இழப்பு இது, பெருமளவு தடுக்கக்கூடியதும்கூட.

நாணைத் தேற்றும் வழியைச் சுவீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் எழுதிக் காட்டினார். வலியால் ஓட்டத்தை விட்ட, சராசரி 44 வயதுள்ள 15 பேர். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, ஒரே காலில் எடையைத் தாங்கி, குதிகாலைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்க வேண்டும். முட்டியை நீட்டி 15, மடக்கி 15, மும்மூன்று சுற்று, காலை மாலை இரு வேளை. எளிதாகிவிட்டால் முதுகில் பையை மாட்டி எடை ஏற்றிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வாரத்தில் எல்லாரும் மறுபடி ஓடினார்கள். வலி வந்தவர்களுக்கான சிகிச்சை இது. வலி வராதவர்களும் இதன் எளிய வடிவத்தை, இரண்டு காலிலும் மெதுவாக ஏறி இறங்குவதை, வழக்கமாக்கிக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் நடை, மெல்லோட்டம், கை கால் வீச்சு. வாரம் ஏழு நாள் ஆட்டத்துக்குப் பதில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஐம்பதுக்கு மேல் இதைவிட முக்கியமான ஆட்ட நுணுக்கம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

காய்ச்சலுக்குப் பிறகு ஆட்டத்துக்குத் திரும்புவதிலும் கவனம் வேண்டும். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரி 67 வயதுள்ள, ஆரோக்கியமான 12 பேர் பத்து நாள் படுக்கையில் இருந்தபோது கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது. டெங்கு, சிக்குன்குனியாவில் படுத்து எழுந்த பெரியவர்களை நாம் "உடம்பு தேறட்டும்" என்று மேலும் ஒரு மாதம் உட்கார வைக்கிறோம். மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவதையும், வீட்டுக்குள் நடப்பதையும் தொடங்கிவிட வேண்டும். சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். முதியவர்களின் தசை, இளைஞர்களின் தசையைவிடக் கூடுதலான புரதம் கிடைத்தால்தான் வளரத் தூண்டப்படுகிறது. கிலோ எடைக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை என்பது 2013இல் வல்லுநர் குழு ஒன்று தந்த பரிந்துரை. 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். முட்டை ஒன்றில் ஆறு கிராம்தான். ரசம் சாதமும் கஞ்சியும் சாப்பிட்டு இந்த அளவை எட்ட முடியாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

எந்த விளையாட்டு நல்லது என்று கேட்பவர்களுக்கு டென்மார்க்கின் கோபன்ஹேகன் ஆய்வு சுவையான ஒரு கணக்கைத் தருகிறது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 25 ஆண்டுவரை பின்தொடர்ந்து, 2018இல் வெளியிட்டார்கள். உட்கார்ந்தே வாழ்ந்தவர்களைவிட டென்னிஸ் ஆடியவர்கள் 9.7 ஆண்டும், இறகுப்பந்து ஆடியவர்கள் 6.2 ஆண்டும், கால்பந்து ஆடியவர்கள் 4.7 ஆண்டும் கூடுதலாக வாழ்ந்ததாகக் கணக்கு வந்தது. நீச்சல் 3.4, மெதுவோட்டம் 3.2, உடற்பயிற்சிக்கூடம் 1.5. டென்னிஸ் ஆடுபவர்கள் வசதி படைத்தவர்களாகவும் முதலிலேயே நல்ல உடல்நலம் உள்ளவர்களாகவும் இருந்திருக்கலாம். ஆய்வாளர்கள் அதற்கு முடிந்தவரை கணக்கில் ஈடு செய்தாலும் ஐயம் முழுவதும் நீங்காது. ஆகவே ஆண்டு எண்ணிக்கையை அப்படியே நம்பச் சொல்லமாட்டேன். ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: ஆள் சேர்த்து ஆடும் ஆட்டங்கள் மேலே, தனியாகச் செய்பவை கீழே. இதன் காரணம் எனக்குத் தெளிவாகவே படுகிறது. ட்ரெட்மில்லுக்கு ஒரு நாள் போகாவிட்டால் யாரும் கேட்பதில்லை. டபுள்ஸுக்கு நாலாவது ஆள் வரவில்லையென்றால் ஐந்தே முக்காலுக்கு போன் வந்துவிடும்.

அளவு மிஞ்சினால்? சுவீடனின் வாசலோப்பெட் என்ற 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டியில் கலந்துகொண்ட 52,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, அதிக முறை முடித்தவர்களிடமும் வேகமாக முடித்தவர்களிடமும் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் கோளாறு கூடுதலாகத் தெரிந்தது. பல ஆண்டு கடும் நெடுந்தூரப் பயிற்சியைப் பற்றிய எச்சரிக்கை இது. வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் ஆடுபவர்களை அச்சுறுத்த இதைப் பயன்படுத்தக் கூடாது. நம் நாட்டு நிலைமை வேறு. 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருக்கிறது. நீரிழிவோ ரத்த அழுத்தமோ உள்ளவர், நாற்பதைத் தாண்டியவர், பல ஆண்டு இடைவெளிக்குப் பின் கடுமையாக ஆடத் தொடங்கும் முன் இதயப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். ஆட்டத்தின் நடுவே நெஞ்சில் அழுத்தமோ தாடையில் வலியோ தலைசுற்றலோ வந்தால் "கேஸ் பிரச்சினை" என்று சோடா குடித்துவிட்டுத் தொடரக் கூடாது.

இதுவரை எழுதியதில் ஓர் ஓரவஞ்சனை இருக்கிறது. டல்லாஸின் ஐவர், விட்லாக், ஷட்டில் கோர்ட், எல்லாம் ஆண்கள். ஆய்வுகளிலும் மைதானங்களிலும் பெண்கள் குறைவாக இருப்பதன் விளைவு இது. ஆனால் முதுமையில் விளையாட்டு அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். மாதவிடாய் நின்றதும் எலும்பின் அடர்த்தி வேகமாகச் சரிகிறது. ஆண்களைவிடக் குறைந்த தசையோடுதான் அவர்கள் முதுமைக்குள் நுழைகிறார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில் முடங்கிய பாட்டி இல்லாத தெரு நம் ஊரில் உண்டா?

எலும்பு தேய்ந்தவர்கள் கனம் தூக்கக் கூடாது என்றுதான் எல்லாரும் சொல்லி வந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பெலிண்டா பெக் குழுவினர், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பாதியினர் வாரம் இரு முறை, அரை மணி நேரம், பயிற்சியாளர் கண்காணிப்பில் கனமான எடைகளைத் தூக்கினார்கள். கம்பியைப் பிடித்துத் தொங்கி, 'தொம்' என்று குதித்து இறங்கினார்கள். மறு பாதியினர் வீட்டில் எளிய பயிற்சி செய்தார்கள். எட்டு மாதத்தில் முதல் குழுவுக்கு இடுப்புப்பகுதி முதுகெலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது. இரண்டாம் குழுவுக்கு 1.2 விழுக்காடு குறைந்தது. இன்னும் முன்பே, 1990இல், பாஸ்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேரைக் கொண்டு மரியா ஃபியாட்டரோன் எட்டு வாரம் எடைப்பயிற்சி நடத்தினார். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இரண்டு பேர் கைத்தடியை வைத்துவிட்டு நடந்தார்கள்.

கனடாவின் ஓல்கா கோட்டெல்கோ தடகளத்துக்கு வந்தது 77 வயதில். நீளத் தாண்டுதல், சம்மட்டி எறிதல் என்று வயதுப் பிரிவுச் சாதனைகளைக் குவித்தார். பஞ்சாபின் மான் கௌர் 93 வயதில் தொடங்கி, 101 வயதில் ஆக்லாந்தில் நூறு மீட்டர் ஓடித் தங்கம் வாங்கினார். ஹரியானாவைச் சேர்ந்த பகவானி தேவி 2022இல் பின்லாந்தின் தாம்பரேயில், 94 வயதில், அதே தூரத்தை 24.74 விநாடியில் ஓடினார். முதியோர் தடகளம் 35 வயதிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒரு பிரிவாக நடக்கிறது. அறுபது வயதுப் பெண்ணுக்கும் அவர் வயதுக்காரர்களோடு மட்டுமே போட்டி.

நம் ஊரில் இந்த வயதுப் பெண்களுக்கு வாய்த்திருப்பது பெரும்பாலும் நடைப்பயிற்சி ஒன்றுதான். அதையும் புடவையில், செருப்போடு, மொட்டைமாடியிலோ பூங்காவைச் சுற்றியோ செய்கிறார்கள். நடை நல்லதுதான், ஆனால் எலும்புக்கும் வேகத் தசைக்கும் அது போதாது. ஷட்டில் கோர்ட் காலை ஐந்தரைக்குத் திறக்கிறது. ஆண்கள் ஆடிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் அவர்கள் வீட்டுப் பெண்கள் குக்கர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அரசு மைதானங்களிலும் மாநகராட்சி உடற்பயிற்சிக்கூடங்களிலும் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, வீட்டு வேலை ஓயும் நேரத்தில், ஐம்பது தாண்டிய பெண்களுக்கென ஒதுக்கலாம். எடை தூக்கக் கற்றுத்தரும் பெண் பயிற்சியாளர் ஒருவர், பூட்டிக் கிடக்காத கழிப்பறை, குடிதண்ணீர், தலைக்கு மேல் ஒரு கூரை. பெரும்பாலான ஊர்களில் கட்டடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த நேரத்தில் அது காலியாகவும் இருக்கிறது.